தெரிந்த சபை, தெரியாத சபை

தவசிங்குக்குத் தெரியாத கோயில், பிஷப் ஆளுகிற அந்தத் திருமண்டலத்தில் கிடையாது என்று கல்லூரியில் சொல்வார்கள். மற்றவர்கள் சொல்ல மறந்தால் அவரே சொல்லிக்கொள்வார். அவருடைய அப்பா சபை ஊழியர். குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் எட்டிப் பார்க்கிற சின்ன ஊர்களில், மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தி, மணியடித்து, சாவு வீட்டில் ஜெபம் செய்து, மூன்று வருடம் முடிந்ததும் தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற வேலை அது. பதினேழு வயதுக்குள் தவசிங் ஆறு ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டார். எந்த ஊரிலும் நிலைத்த சிநேகிதர்கள் இல்லை. ஆனால் எந்த ஊர்க் கோயிலுக்கு ஓடு, எந்த ஊர்க் கோயிலுக்குக் காரை, எங்கே மணி விரிசல் விட்டது என்பதெல்லாம் மனப்பாடம்.

அந்த மனப்பாடம்தான் பின்னால் அவருக்குச் சோறு போட்டது. திருமண்டலத்துக் கல்லூரியில் எழுத்தராகச் சேர்ந்து, இருபத்தொன்பது வருடத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் ஆனார். கல்லூரியில் எல்லாருக்கும் அவர் 'சூப்ரண்டு'.

அது அரசு உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி. கட்டடமும் நிலமும் திருமண்டலத்தினுடையவை. வாத்தியார்களுக்கும் தவசிங்குக்கும் சம்பளம் அரசாங்கத்தினுடையது. அரசாங்கம் சம்பளம் கொடுத்தாலும் பாதி இடங்களில் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கல்லூரியின் உரிமை. ஒரு காலத்தில் கோர்ட்டுப் படியேறி வாங்கிய உரிமை என்பதால், அந்தச் சொல்லைச் சொல்லும்போது தாளாளரின் குரல் பிரசங்க மேடைக்கு ஏறிவிடும். மீதிப் பாதி பொதுப் பட்டியல். அதில் மதிப்பெண் மட்டுமே பேசும்.

உரிமை இருந்தால் போதுமா? வந்து நிற்கிற பிள்ளை நம் பிள்ளைதானா என்று யாராவது சொல்ல வேண்டுமே. பிள்ளைகள் தங்கள் சபைக் குருவானவரிடம் கடிதம் வாங்கி வருவார்கள். முத்திரை போட்ட கடிதம் இப்போது ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கிறது. ஆகவே ஜூன் மாதம் வந்தால் தவசிங்குக்குத் தனி மரியாதை வந்துவிடும். சேர்க்கைக் குழு உட்கார்ந்திருக்கும் மேசையின் கோடியில் அவருக்கு ஒரு நாற்காலி. கடிதத்தை முதல்வர் வாசிப்பார். பழக்கமில்லாத பெயராக இருந்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தெரிஞ்ச சபையா தவசிங்?" என்பார். அவர் தலையசைத்தால் அந்த விண்ணப்பம் வலது பக்கக் கட்டுக்குப் போகும். அவர் உதட்டைப் பிதுக்கினால் இடது பக்கம். இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. கிறிஸ்தவர் என்றால் போதும், எந்தச் சபையாயினும் சரி என்றுதான் கையேட்டில் இருந்தது. பெந்தெகொஸ்தே சபைகள் பதினான்கை அவரே 'தெரிஞ்சதுதான் ஐயா' என்று வலது பக்கம் சேர்த்திருக்கிறார். அந்தக் கல்லூரியில் கையேடு என்றால் தவசிங்கின் தலைதான்.

சந்தேகம் வந்தால் பிள்ளையையே கூப்பிட்டுக் கேட்பார். வசனம் கேட்கமாட்டார், வசனம் யார் வேண்டுமானாலும் படித்துக்கொண்டு வரலாம். "உங்க கோயில்ல அசனம் எந்த மாசம்?" என்பார். பண்டிகையில் ஊர் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து கறியும் சோறும் சாப்பிடுகிற அசனத்தை, அந்த ஊர்ப் பிள்ளை எதுவும் மறக்காது. ஒரு வருடம் ஒரு நெட்டைப் பையன் துணிச்சலாக, மே மாதம் என்றான். தவசிங் பேனாவை மூடி வைத்தார்.

"மே மாசம் உங்க ஊருல குடிக்கவே தண்ணி கெடையாது. ஆயிரம் பேருக்கு எவன்ல சோறு பொங்குவான்?"

குழு முழுக்கச் சிரித்தது. பையனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தக் கதையைத் தவசிங் ஏழெட்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் தலையசைப்பில் ஒரு பிள்ளையின் மூன்று வருடம் இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு இனித்தது என்பதை மறைப்பானேன். கெட்டவர் இல்லை. கை நீட்டி யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. எல்லாரும் தன்னைக் கேட்டுத்தான் செய்கிறார்கள் என்பதில் ஒரு கிறக்கம், அவ்வளவுதான். அந்தக் கிறக்கம் போதுமானதாக இருந்தது.

அவருக்கு ஒரே தங்கை, ரோஸ்லெட். வீட்டில் ரோஸி. அப்பா ஒரே சிலேட்டில் இருவருக்கும் எழுத்துப் பழக்கினார். இன்றைக்கும் இருவர் கையெழுத்தும் ஒன்றுபோல உருண்டையாக இருக்கும். ரோஸியைப் பனைவிளையில் செல்வினுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். செல்வின் லோடு ஆட்டோ ஓட்டினான், குடித்தான், அடித்தான். ஒருமுறை தட்டிக்கேட்கப் போன தவசிங்கையும் நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்தான். நாலைந்து ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்துக் குருவானவரிடம் ரோஸி போய் அழுதாள். பொறுமையாயிரும்மா, ஜெபம் பண்ணுவோம் என்றார். பொறுத்தாள். பிறகு அதே ஊரில் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு எலியேசர் என்று ஒருவர் பெந்தெகொஸ்தே ஜெபவீடு தொடங்கினார். அவர் தினமும் சாயங்காலம் செல்வினின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவன் போகிற இடமெல்லாம் போனார். சாராயக் கடை வாசலிலும் உட்கார்ந்திருந்தார். நாலு மாதத்தில் செல்வின் குடியை விட்டான். ரோஸி காது, கழுத்து நகைகளைக் கழற்றிவிட்டு, ஆற்றில் முழுகி இரண்டாம் தடவை ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள்.

தங்கை அடிபட்டபோது அது பனைவிளையைத் தாண்டவில்லை. முழுகியபோது திருமண்டலம் முழுக்கத் தெரிந்தது. அந்த வருடம் தவசிங் சேகரக் கமிட்டித் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர்கள், சொந்தத் தங்கச்சியையே சபையில் வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவர் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். மூன்று ஓட்டில்தான் ஜெயித்தார். ரோஸி வீட்டுக்குப் போவதை அதோடு குறைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை அந்தக் கொட்டகைக்குப் போனார். செல்வின் குடியை விட்டு ஒரு வருடம் நிறைந்ததற்குச் சாட்சிக் கூட்டம் என்று ரோஸி நேரில் வந்து அழைத்தாள். போய் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். செல்வின் மைக்கைப் பிடித்தான்.

"எம் பொண்டாட்டிய நான் அடிச்சிருக்கேன். கேக்க வந்த எம் மச்சானையும் தெருவுல வச்சு அடிச்சிருக்கேன். அவரு இங்கதான் இருக்காரு. மச்சான், எல்லாருக்கும் முன்னால கேக்கேன். என்ன மன்னிச்சிருங்க."

கொட்டகை முழுக்கத் திரும்பித் தவசிங்கைப் பார்த்தது. அவருக்கு உடம்பு கூசியது. அவர் வளர்ந்த கோயிலில் பாவ அறிக்கையை எல்லாரும் ஒன்றாகப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்கள். யாருடைய பாவமும் யாருக்கும் தெரியாது, அது ஒரு நாகரிகம். இவன் இப்படி மைக்கில் போட்டு உடைக்கிறானே என்று எழுந்து வெளியே வந்துவிட்டார். எலியேசர் பின்னால் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வாங்கண்ணே என்றார். பஸ் நிறுத்தத்துக்கு ரோஸியின் மகள் எப்சிபா ஓடிவந்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கையில் வாழையிலைப் பொட்டலத்தில் பிரியாணி.

"சாப்பிடாமப் போறீங்களே மாமா" என்றாள்.

வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இது நடந்து நாலு வருடம் கழித்து, ஒரு ஜூன் மாதம், வேதியியலுக்கு வந்த விண்ணப்பங்களை அடுக்கும்போது எப்சிபாவின் விண்ணப்பம் அவர் கையில் வந்தது. நல்ல மதிப்பெண். கூடவே பனைவிளை ஜீவ ஊற்று ஜெபவீட்டின் கடிதம், பாஸ்டர் எலியேசர் கையெழுத்து. 'இக்கல்லூரியில் பணிபுரியும் உறவினர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். அப்படி எழுதினால்தான் அண்ணனுக்குச் சங்கடம் வராது என்று ரோஸிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அது தவசிங்குக்கு அப்போது தெரியாது. பார்த்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு சுருக்கென்றது. நம்மை வேண்டாம் என்கிறார்களா, சரி, என்று நினைத்துக்கொண்டார். பின்னால் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அந்த 'இல்லை' கொஞ்ச நாள் உதவியது.

மறுநாள் குழு கூடியது. முதல்வர் கடிதத்தை வாசித்துவிட்டு வழக்கம்போலக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஜீவ ஊற்று ஜெபவீடு, பனைவிளை. தெரிஞ்ச சபையா தவசிங்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் தாளாளர் முந்திக்கொண்டார். "ரெண்டு தகரம், ஒரு மைக்கு, ஆச்சு சபை. நம்ம ஆளுகளத்தான் ஒவ்வொருத்தரா ஓட்டிட்டுப் போறானுவ. காணிக்கை அங்க, காலேஜ் சீட்டுக்கு மட்டும் இங்க. என்ன சூப்ரண்டு, உமக்கு வேண்டிய ஆளா?"

எல்லாரும் சிரித்தார்கள். தாளாளருக்கு ரோஸியைப் பற்றி ஞாபகம் இருந்ததா, இல்லையா என்று தவசிங்குக்கு இன்றுவரை தெரியாது. இருந்திருக்காது. அவர் பொதுவாகப் பேசுகிறவர். ஆனால் அந்த நிமிடம் தவசிங்குக்கு மறுபடியும் கொட்டகை முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. என் தங்கச்சி போகிற சபை ஐயா என்று சொன்னால் போதும். முதல்வர் சரி என்றிருப்பார். தாளாளர்கூட, அட அப்படியா, முதல்லயே சொல்லப்படாதா என்றிருப்பார். பேச்சு அதோடு முடிந்திருக்கும். யாரும் அவர் வேலையைப் பறிக்கப்போவதில்லை, கமிட்டியிலிருந்து தள்ளப்போவதில்லை.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "தெரியாது ஐயா" என்றார்.

விண்ணப்பம் இடது பக்கம் போனது. அடுத்த விண்ணப்பத்தை முதல்வர் எடுத்தார்.

மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நடைமுறை உண்டு. காரணச் சீட்டு எழுதுவது கண்காணிப்பாளர் வேலை. 'சபை விசாரணையில் அறியப்படாதது. சிறுபான்மை ஒதுக்கீட்டில் பரிசீலிக்க இயலவில்லை' என்று தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதி, கீழே ஒப்பமிட்டு, தபாலில் சேர்த்தார். எழுதும்போது ஓர் எழுத்தும் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் பின்னால் அதிகமாகக் கூசியது.

அன்று சாயங்காலம், எல்லாரும் போனபிறகு, வலது பக்கக் கட்டை எடுத்து மதிப்பெண் வரிசையைப் பார்த்தார். சிறுபான்மை ஒதுக்கீட்டில் இருபத்துநாலு இடம். எப்சிபா இருந்திருந்தால் எட்டாவது. பொதுப் பட்டியலில் நாலு மதிப்பெண்ணில் தவறினாள். வேதியியல் அந்த வட்டாரத்தில் அங்கே மட்டும்தான். அதே கல்லூரியில் மதியம் நடக்கும் சுயநிதிப் பிரிவில் வேதியியல் கிடையாது, வணிகவியல் இருந்தது. அதில் சேர்ந்தாள். காலையில் பஸ் நிலையத்து ஜெராக்ஸ் கடையில் வேலை, மதியம் வகுப்பு. எப்சிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவர் மனைவி மேபல் கேட்டபோது, மார்க்குப் பத்தல என்றார். தன்னைவிட நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னோமே என்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டு முடித்தார்.

ஒரு வாரம் கழித்து அலுவலக உதவியாளர் இசக்கியம்மாள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பனைவிளைக்கு இரண்டு நிறுத்தம் முந்தி அவள் ஊர். டப்பா நிறைய முந்திரிக்கொத்து.

"உங்க தங்கச்சி குடுத்துச்சு சார். நிர்வாகம் விடலன்னா அண்ணன் என்ன செய்வான், பிள்ளைக்காவ எத்தன பேச்சு வாங்கினானோன்னு வருத்தப்பட்டுச்சு."

தவசிங் டப்பாவை அலுவலகத்துக்குத் திறந்துவிட்டார். மூன்று மணிக்குள் காலியாகிவிட்டது. அவர் ஒன்றுகூட எடுக்கவில்லை. சர்க்கரை இருக்கு என்றார். இசக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்குச் சர்க்கரை கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தினமும் டீ வாங்கிக் கொடுப்பது அவள்தானே.

அதன்பிறகு மதிய வேளையில் வராந்தாவில் எப்சிபா எதிரே வந்தால் தவசிங் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அவளும் அவருக்குச் சிரமம் வைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போல, குட் ஆஃப்டர்நூன் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கல்லூரிக்குள் அவரை மாமா என்று ஒருநாளும் அவள் கூப்பிட்டதில்லை.

ஜனவரியில் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிறுபான்மைக் கல்லூரி என்ற அந்தஸ்தைப் புதுப்பிக்க வேண்டுமானால், படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பெயர், சபை, அத்தாட்சியோடு பட்டியல் அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். தவசிங் கணக்கெடுத்தார். முப்பத்தெட்டுப் பேர் குறைந்தார்கள். தமிழுக்கும் வரலாற்றுக்கும் நம் பிள்ளைகள் வருவதில்லை, காலியிடங்களைப் பொதுவில் கொடுத்தாகிவிட்டது. தாளாளர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"உரிமையே போயிரும்வே. மதியக் காலேஜ்ல பெந்தெகொஸ்தேப் பிள்ளைக கெடக்கே, அதுகள எண்ணினீரா?"

எண்ணவில்லை என்றார் தவசிங். அவர்களுடைய சபைகள் நம் பதிவேட்டில் இல்லை என்றார்.

"பதிவேடு கெடக்கட்டும். எந்தச் சபையா இருந்தா என்ன? ஏசுவத்தான கும்பிடுதாங்க? எல்லாத்தையும் சேரும்."

அவர் போனபிறகு, ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்த இசக்கி நிமிராமலே கேட்டாள்.

"சார், உங்ககிட்ட சேக்கும்போது ஒரு சாமி, எண்ணும்போது ஒரு சாமியா?"

வேலையைப் பாரு என்றார் தவசிங்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம். பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி, சபை. கீழே மாணவர் கையொப்பம். அதற்கும் கீழே அச்சடித்த ஒரு வரி: 'மேற்கண்டவரின் குடும்பத்தையும் சபையையும் நான் நேரில் அறிவேன்.' அதன் அடியில் அலுவலகக் கண்காணிப்பாளர் கையொப்பம். நாற்பத்தொரு பிள்ளைகளை மதியம் இரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். வராந்தா வரைக்கும் வரிசை. பாதிப் பேர் பெண்பிள்ளைகள், காதில் ஒன்றும் இல்லாதவர்கள். இசக்கி பெயர் வாசித்தாள். ஒவ்வொருவராக வந்து, என்ன ஏது என்று பார்க்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். தவசிங் குனிந்த தலை நிமிராமல் 'நேரில் அறிவேன்' என்பதன் கீழ்ப் போட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் சபையை அவர் நிஜமாகவே அறியமாட்டார். இருபத்திரண்டாவது பெயர் எப்சிபா.

அவள் படிவத்தை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ஜெராக்ஸ் கடை மை விரல் நுனிகளில் அப்பியிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இதுல 'நேரில் அறிவேன்'னு போட்டிருக்கு சார்" என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தாம்மா."

"எங்க சபையவுமா சார்?"

குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். தவசிங் தலை நிமிர்ந்தார். ரோஸியின் கண் அவளுக்கு. ஃபாரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏழு மாதமாக இப்படி நாக்கு நுனிக்கு வந்த வாக்கியங்களைத்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. செல்வின் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அந்தக் குடிகாரனுக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லையே என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"தெரியும்" என்றார். பிறகு, வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். "போன ஜூன்லயே தெரியும். நான்தாம்மா தெரியாதுன்னு சொன்னேன்."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஏதாவது இறங்கும் என்று எதிர்பார்த்தார். எப்சிபா குனிந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும் மாமா. காரணச் சீட்டு உங்க கையெழுத்துலதான வந்துச்சு. என் கெமிஸ்ட்ரி புக்குக்குள்ள வச்சிருக்கேன். அம்மாகிட்ட இன்னும் காட்டல. பாத்தா எழுத்து தெரிஞ்சிரும்லா."

தவசிங்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தபாலில் சேர்க்கும்போது, எழுத்தை வைத்து அடையாளம் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை, இடம் கிடைக்காத அன்றைக்கு, தன் அழுகைக்கு நடுவில் தாய்மாமனின் கையெழுத்தை மறைத்து வைக்க இடம் தேடியிருக்கிறது.

"நானே வந்து ரோஸிகிட்ட சொல்லிருதேம்மா" என்றார்.

"வேண்டாம் மாமா." யோசித்து வைத்திருந்தவள் போல உடனே சொன்னாள். "சொல்லிட்டா உங்களுக்குச் சரியாயிரும். அம்மாவுக்கு அண்ணன்னு நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க."

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். இசக்கி அடுத்த பெயரை வாசித்தாள். மீதிப் பத்தொன்பது படிவங்களிலும் தவசிங் கையெழுத்துப் போட்டார். எப்சிபாவின் படிவத்தைக் கடைசியில் எடுத்தார். போடாமல் விட்டால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை, போட்டாலும் கிடைக்கப்போவதில்லை. கிடைப்பதெல்லாம் கல்லூரிக்குத்தான். அந்த நாற்பத்தொன்றில் அவர் நேரில் அறிந்த சபைகள் பத்துக்கூடத் தேறாது. கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, வாழையிலையில் சோறும் வாங்கி வந்தது ஒன்றில்தான். அந்த ஒன்றில் கையெழுத்துப் போடத்தான் வெகு நேரமானது.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ஆறரை மணிக்கு ரோஸி போன் செய்தாள். மூன்று வருடத்தில் அவள் போன் செய்தது அதுதான் முதல் தடவை. எப்சி சொல்லிவிட்டாளோ என்று பயந்தார். சொல்லியிருந்தால் நல்லது என்றும் இருந்தது.

"அண்ணே, எப்சி சொன்னா. எங்க சபைய நேர்லயே தெரியும்னு எழுதி, எல்லாருக்கும் முன்னால கையெழுத்துப் போட்டியாம்லா. பாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு என்ன சொல்லன்னே தெரியல."

"ம்" என்றார் தவசிங்.

"ஒரு நா வீட்டுக்கு வாண்ணே. அன்னைக்குச் சாப்பிடாமலே போயிட்ட."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அடுப்படியிலிருந்து மேபல் வந்து, யார், என்ன விஷயம் என்று கேட்டாள்.

"ரோஸி" என்றார். "தேங்க்ஸ் சொல்லுதா."